நான் வாசிக்காமல் விட்ட பக்கம்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சொல்லியே பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளை அதட்டி வந்தவள் நான். எங்கள் பாடசாலையில் மேல் கட்டிடத்துப் படிக்கட்டில் யாரோ கொலுசு போட்டு நடக்கிறார்கள் என்று ஒரு கதை உண்டு. ஒரு மழை நாளில் நானே போய் அரைமணி நேரம் நின்று பார்த்து, அது கூரையிலிருந்து பழைய தகரத்தில் சொட்டும் தண்ணீர் என்று கண்டுபிடித்து, மறுநாள் காலைக் கூட்டத்தில் அறிவித்தும் விட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு வாரம் என் மேல் கோபம். அவர்களுடைய ஒரே பேயையும் நான் பிடுங்கிக்கொண்டேனாம்.

நான் கணக்கு டீச்சர். ஒன்றும் ஒன்றும் இரண்டு, அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். அதனால்தான் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் இப்போதே லேசாகச் சிரிக்கிறீர்கள், பரவாயில்லை, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன். நடு இரவு, நாய் ஊளை, அப்படி ஒன்றும் இதில் இல்லை. பட்டப்பகல் இரண்டு மணிக்கு, ஒரு பாடசாலை நூலகத்தில் நடந்தது.

வீடு கண்டியில், வேலை தெல்தோட்டைப் பக்கம். பேராதனை, கலஹா என்று தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழ் டீச்சருக்கு மாற்றம் வந்ததும் அதிபர் என்னைக் கூப்பிட்டு, "இடாப்பு எல்லாம் ஒழுங்கா வைக்கிற ஆள் நீங்கதான் டீச்சர், நீங்களே பாத்துக்கங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், அதுவரை நான் ஒரு கதைப் புத்தகத்தை முழுதாக வாசித்தது இல்லை. நடக்காத ஒன்றைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பது என் எண்ணம்.

ஆனால் இரவல் இடாப்பு எனக்குப் பிடித்துப் போய்விட்டது. யார், எப்போது, எதை எடுத்தார்கள் என்று இரண்டு தவணை தொடர்ந்து எழுதினால் பிள்ளைகளின் குணமே அதில் தெரியும். தரம் ஆறு, புத்தகத்தின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் எடுக்கும். பையன்களுக்குப் பாம்புப் புத்தகம் ஒன்று போதும், அதற்கு எப்போதும் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள், நாகப்பாம்பு இருக்கிற தாள் தனியாகவே கழன்று வந்துவிட்டது. தரம் பத்துப் பெண் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வந்து ஆளுக்கொன்று எடுத்து, புதன்கிழமை தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு புத்தகம், அதைக் கை மாற்றக் கூடாது என்ற என் சட்டத்துக்கு நன்றாகத் தண்ணீர் காட்டுவார்கள். தரம் பதினொன்றில் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறவர்கள் அங்கே வருவது தூங்க. திரும்பி வரும் புத்தகத்தில் அடுப்புப் புகை மணக்கும், ஒன்றில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும், அதையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அலுமாரியில் வைப்பேன்.

தர்ஷினியை நான் கவனித்தது அந்த இடாப்பில்தான். தரம் எட்டு. இரண்டு நாளைக்கு ஒரு புத்தகம். திங்கள் எடுத்தது புதன் வரும், புதன் எடுத்தது வெள்ளி வரும், எல்லாம் நூறு பக்கத்துக்குக் குறையாதவை. எனக்கு அது பொருந்தவில்லை. வகுப்பில் ஒரு பந்தியை வாசிக்கவே மூன்று நிமிடம் எடுக்கிற பிள்ளை அவள். சும்மா பெயருக்கு எடுத்துப் போகிறாள் என்று முடிவு கட்டி, ஒரு நாள் மேசைக்கு முன்னால் நிறுத்தி, கொண்டுவந்த புத்தகத்தைப் பிரித்து நடுவிலிருந்து கேள்வி கேட்டேன். அவள் கதையை மட்டுமா சொன்னாள், குரலை மாற்றி மாற்றி, அரசன் பேசுவது, திருடன் பேசுவது எல்லாம் சொன்னாள்.

"எப்புடி இவ்வளவு சீக்கிரம் வாசிக்கிறே?"

"நான் எனக்காக வாசிக்கல டீச்சர். அம்மாவுக்குச் சத்தமா வாசிக்கிறேன்."

அம்மா செல்வராணி ஒன்றரை வருடமாக ஓர் அரபு நாட்டில் வீட்டு வேலை. அப்பா பிலிமத்தலாவையில் ஒரு கடையில் தங்கி வேலை செய்கிறார், மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். பிள்ளை பெரியம்மா வீட்டில். பாடசாலை விட்டுப் போனதும் பெரியம்மாவின் போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தொட்டிக் கட்டில் ஏறி உட்கார்ந்து, புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவாள். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் கதை என்றால் உயிர். முக்காட்டுக்குள் இயர்போனை வைத்துக்கொண்டு துணி அயன் பண்ணும்போது கேட்பாராம். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு பதில் வரும்: "அப்புறம்?"

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"நேரம் இருந்தா சாப்டியான்னு கேப்பாங்க டீச்சர். ஆனா 'அப்புறம்?' மட்டும் எப்பவும் வரும்."

அன்றே என் சட்டத்தை நானே உடைத்தேன். தர்ஷினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு புத்தகம். தெரிந்தெடுக்கும்போது அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. முதலில் கடைசிப் பக்கத்தை ஒரு கண் பார்ப்பாள், பிறகு நடுவில் புரட்டுவாள். "அழுவுற கதை வேணாம் டீச்சர். அம்மா அங்க தனியா இருக்காங்க. அழுதா யாரு பாப்பா?" என்பாள். அதனால் நானும் அவளுக்காகப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினேன். கணக்கு டீச்சர் கதைப் புத்தகமும் கையுமாகப் பஸ்ஸில் வருவதைப் பார்த்து வீட்டில் கேலி.

மூன்றாம் தவணை தொடங்கி இரண்டு வாரம் இருக்கும், "அப்புறம்?" வருவது நின்றுபோனது. அனுப்புகிற பதிவு போய்ச் சேரவில்லை, ஒற்றைச் சரி அடையாளத்தோடு அப்படியே நிற்கும். அழைத்தால் இணைப்பே கிடைக்காது. ஏஜென்சிக்காரரிடம் அப்பா போய்க் கேட்டதற்கு, விசாரிக்கிறோம், விசாரிக்கிறோம் என்றே மூன்று வாரம் ஓடியது. பெரியம்மா பாடசாலைக்கு வந்து என் கையைப் பிடித்து அழுதார். அந்த வீடுகளில் என்னென்ன நடக்கிறது என்று நாம் கேள்விப்படாததா? பிள்ளைக்கு முன்னால் யாரும் அதைப் பேசவில்லை, அவளுக்கும் தெரியாமல் இல்லை.

ஆனாலும் அவள் புத்தகம் எடுப்பதை நிறுத்தவில்லை. அந்தச் சமயத்தில் அவள் எடுத்திருந்தது செம்மஞ்சள் அட்டை போட்ட ஒரு தடித்த கதை. ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு சிறுமி, அந்த ஆறு எங்கே போய் முடிகிறது என்று பார்க்க ஓர் ஆட்டுக்குட்டியோடு நடந்தே கடல் வரைக்கும் போகிறாள். இருபத்திரண்டு அத்தியாயம். தினமும் ஒன்று வாசித்து அனுப்புவாள், அது போகாது, மறுநாள் அடுத்தது.

இருபதாவதோடு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு. கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு வீட்டுக்குப் போகிற வழி என்பதால் வியாழக்கிழமை மாலை போய்ப் பார்த்தேன். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்கிறது, உதடு காய்ந்து கிடக்கிறது, என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், புத்தகம் எங்க?"

"பெரியம்மா கொண்டாந்து குடுத்துட்டாங்க. என் மேசை லாச்சில பத்திரமா இருக்கு. நீ சுகமாகிட்டு வந்து வாசி."

"இல்ல டீச்சர். இன்னும் ரெண்டு பாடம் மிச்சம். அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க. நீங்க வாசிங்க."

"போன்லயா? அதான் போக மாட்டேங்குதேம்மா."

"போன் வேணாம் டீச்சர். அதுல போறதில்லன்னு எனக்கும் தெரியும். நம்ம லைப்ரரில உக்காந்து சத்தமா வாசிச்சாப் போதும்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நான் நிறுத்திட்டா அம்மா இனி எதுக்குன்னு விட்டுருவாங்க டீச்சர்" என்றாள்.

காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை, என்ன சொல்வது? சரி என்றேன். வாசித்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லிவிடலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது என்பதும் தெரியும்.

வெள்ளிக்கிழமை, பாடசாலை விட்டு, இரண்டு மணிக்கு முந்தியே எல்லாரும் போய்விட்டார்கள். நல்ல மழை. என் பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. போனை ஆசிரியர் அறையில் சார்ஜில் போட்டுவிட்டு நூலகத்தைத் திறந்தேன். வெறும் அறை, கதிரைகளை மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தோம். ஒன்றை இறக்கிப் போட்டு உட்கார்ந்து, யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள் என்று கதவைச் சாத்திவிட்டு, வாசிக்கத் தொடங்கினேன். எனக்கு ஏற்ற இறக்கமெல்லாம் தெரியாது. தேற்றம் வாசிக்கிற மாதிரி கடகடவென்று வாசித்தேன்.

முதல் இரண்டு பக்கம் ஒன்றுமில்லை. மூன்றாவது பக்கம் இருக்கும், அந்த அறை மாறியது. இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நீங்கள் டீச்சராக இருந்தால் உடனே புரியும். ஆளில்லாத வகுப்பின் அமைதி ஒன்று, நாற்பது பிள்ளைகள் இருந்தும் கேட்காமல் இருக்கிற அமைதி இன்னொன்று. அதெல்லாம் இல்லாமல், உண்மையாகவே கேட்டுக்கொண்டிருக்கிற அமைதி என்று ஒன்று இருக்கிறது, பதினெட்டு வருடத்தில் எனக்கு அது எத்தனை தடவை கிடைத்தது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அது அன்றைக்கு அந்த அறையில் இருந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கவிழ்த்த கதிரைகள், அலுமாரிகள், மழை. பயம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், அவசரமாக வாசிக்கிறேனே என்று வெட்கம்தான் வந்தது. கொஞ்சம் நிதானமாக வாசித்தேன்.

இருபத்தோராவது அத்தியாயத்தின் நடுவில் கதை சட்டென்று வீட்டுக்குத் திரும்புகிறது. சிறுமியின் அம்மா இத்தனை மாதமாக ஒவ்வொரு நேரமும் மகளின் பெயர் வெட்டிய தட்டைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள், இனி வர மாட்டாள் என்று மனதுக்குள் முடிவெடுத்து, அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிடுகிறாள். அதோடு ஒரு பக்கம் முடிகிறது. நான் வாய்விட்டு வாசிக்கிறதற்கு முந்தி கண் ஓடிவிட்டது. அழுகிற கதை வேண்டாம் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாளே. அந்த ஒரு பக்கத்தை வாசிக்காமல், தாளைத் திருப்பி, அடுத்த பக்கத்திலிருந்து தொடர்ந்தேன்.

அத்தியாயம் முடிந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. யாரும் பிடித்து இழுக்கவில்லை. மணி அடித்த பிறகும் பிள்ளைகள் புத்தகத்தை மூடாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிப் போவது? அந்த மாதிரி. உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தையும் வாசித்தேன். சிறுமி வீட்டுக்கு வருகிறாள், அம்மா ஒன்றுமே பேசாமல் ஏணி வைத்து ஏறிப் பரணிலிருந்து தட்டை எடுத்துக் கழுவிச் சோறு போடுகிறாள், கதை முடிகிறது. புத்தகத்தை மூடியதும் அறை பழையபடி வெறும் அறையாகிவிட்டது. மூன்று மணி. பஸ்ஸை விட்டுவிட்டு மழையில் நின்று அடுத்ததில் போனேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தர்ஷினியிடம் வாசித்துவிட்டேன் என்றேன். "அந்தப் புள்ள வீட்டுக்கு வந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டாள். வந்துவிட்டாள் என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு பக்கத்தை விட்டதை யாரிடமும் சொல்லவில்லை, அது சொல்கிற விஷயமாகவும் எனக்குப் படவில்லை. செம்மஞ்சள் புத்தகம் என் லாச்சியிலேயே கிடந்தது.

பிள்ளை தேறி வந்தாள். இன்னும் சில நாளில் பெரியம்மா மூச்சிரைக்க ஓடிவந்து, செல்வராணி தூதரகத்தில் இருக்கிறாளாம், பேசினாளாம் என்று சொன்னார். அதற்குப் பிறகு கடதாசி வேலை எல்லாம் முடிந்து அவர் ஊர் வந்து சேர ஒன்றரை மாதம்.

வந்த வாரமே மகளோடு பாடசாலைக்கு வந்தார். தர்ஷினி காட்டிய படத்தில் பார்த்ததை விடப் பாதியாக மெலிந்திருந்தார். ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை என் மேசையில் வைத்துவிட்டு உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். நான் தர்ஷினியை அலுமாரிப் பக்கம் புத்தகம் பார்க்க அனுப்பினேன். பிறகுதான் அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"போன அவங்க வாங்கிட்டாங்க டீச்சர். வெளிய விடவும் இல்ல, சாமான் ரூமுக்குள்ளதான் படுக்கை. ஆனா பின்னேரம் ஆனா புள்ள வாசிக்கிறது கேக்கும். எனக்கே பைத்தியம் புடிச்சிருச்சோன்னுதான் நெனச்சேன்."

தனிமையில் மனது அப்படிச் செய்யும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"கடைசியா ஒரு நாள் மட்டும் குரல் மாறிப்போச்சு. வெள்ளிக்கெழம பகல், வீட்டு ஆம்பளைங்க தொழுகைக்குப் போயிருந்த நேரம். வேற யாரோ பொம்பள. மொதல்ல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஓட்டமா வாசிச்சாங்க." அவர் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. "இப்ப நீங்க பேசுறதக் கேட்டதும் தெரிஞ்சிருச்சு டீச்சர்."

இங்கே இரண்டு மணி என்றால் அங்கே பதினொன்றரை. மூன்று என்றால் பன்னிரண்டரை. கணக்கு என்னை அறியாமலே மனதுக்குள் போட்டு முடிந்துவிட்டது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். டீச்சர் வாசித்தார் என்று மகள் சொல்லியிருப்பாள், வெள்ளிக்கிழமை என்றும் சொல்லியிருப்பாள், மிச்சத்தை இவர் நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். அந்தப் புள்ளயோட தட்டு எப்புடிப் பரணுக்குப் போச்சு? நடுவுல ஒரு எடத்த நீங்க வாசிக்காம விட்டுட்டீங்க இல்ல?"

நம்பினால் நம்புங்கள், அதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. லாச்சியைத் திறக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் திரும்ப என் பக்கமே தள்ளி, "நீங்களே வாசிங்க" என்றார். வாசித்தேன். குரல் உடைந்து உடைந்துதான் வந்தது, மறைக்கவில்லை. அவர் அழவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, அன்றைக்கு அந்த வெறும் அறை எப்படிக் கேட்டதோ அதே மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மேசை மேலிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் புள்ள வீடு வந்து சேர்ந்ததக் கேட்டுத்தான் டீச்சர் நானும் போயிறணும்னு நெனச்சேன். ஆனா தைரியம் வரல. வீட்டுல எப்பவும் காத்துக்கிட்டுத்தானே இருப்பாங்க, கொஞ்ச நாள் பொறுத்துப் போகலாம்னு இருந்துட்டேன். ஒன்பது நாள் கழிச்சு, குப்பை போடத் தொறந்த கேட்டு வழியா செருப்பு கூட இல்லாம ஓடினேன்." குறை சொல்கிற குரலே இல்லை அது, பிள்ளையைத் தேற்றுகிற குரல். "இனி வர மாட்டான்னு தட்டப் பரண்ல போட்டுருவாங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடியிருப்பேன்."

தர்ஷினி இரண்டு புத்தகங்களோடு வந்து நின்றாள். இடாப்பில் எழுதிக் கொடுத்தேன், தாயும் மகளும் கைகோத்துக்கொண்டு இறக்கத்தில் இறங்கிப் போவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசிப்பு எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது, இப்போது அதைத் தீர விசாரிக்கவும் தோன்றவில்லை. செல்வராணி இன்றும் மாதத்துக்கு ஒரு தடவையாவது நூலகத்துக்கு வருவார், நான் வாசிப்பேன், அவர் கேட்பார். எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஆனால் அந்த ஒன்பது நாளில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை, எனக்கும் இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.